சந்தனம் வெடித்த இடம்

கலை, தணிகை,

போன வாரம் சாப்பிடும்போது கலை ஒன்று கேட்டாள். "நைனா, எலும்பு பேரு, நரம்பு பேரு எல்லாம் மனப்பாடமா கீது. ஆனா ஆம்புலன்ஸ்ல ஏறி உக்காந்தா ஒண்ணுமே ஞாபகத்துக்கு வராதோன்னு பயமா கீது." உடனே தணிகை, "நீ பேஷண்டப் பாத்து மயக்கம் போட்டுடு, நான் உன்னியும் சேத்து ஏத்திகினு போறன்" என்றான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பதில் சொல்லாமலே கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். அது அப்படியே நெஞ்சில் நிற்கிறது. வாயால் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். உங்களோடு பயிற்சியில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். நான் பன்னிரண்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. அந்தப் பயம் போகாது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் சைரன் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். பயத்தை விரட்டப் பார்க்காதீர்கள். அதைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் புத்தகத்தில் இருக்கிற உடம்பு. அது சிவப்பும் நீலமுமாக, தோல் கூட இல்லாமல், எல்லாவற்றையும் திறந்து காட்டிக்கொண்டு நிற்கும். ரோட்டில் கிடைக்கிற உடம்பு அப்படி நிற்காது. அதன் மேல் புடவை இருக்கும், சேறு இருக்கும், ஹெல்மெட் இருக்கும், சொந்தக்காரர்கள் சொல்கிற கதை இருக்கும். நம் ஊரில் இன்னொன்றும் இருக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் ஆம்புலன்ஸ் வேலையில் இருந்தபோது ஒரு கிருத்திகை. மலையடிவாரத்தில், படிக்கட்டுக்குப் பக்கமாக எங்கள் வண்டியை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பைலட்டை, அதாவது டிரைவரை, உங்களுக்குத் தெரியும். வண்டியை ஓட்டுவதைவிட வாயை நன்றாக ஓட்டுவான். காவடிக் கூட்டத்தைப் பார்த்து, "சாமிங்களா, ஓரமா ஆடுங்க சாமிங்களா, வண்டிக்கும் மொட்ட அடிச்சிடப் போறீங்க" என்று கத்திக்கொண்டிருந்தான். வெயில் ஏறி, மொட்டைத் தலைகளெல்லாம் சந்தனம் காய்ந்து, மஞ்சள் மஞ்சளாக மேலே போய்க்கொண்டிருந்தன.

அப்போது ஒரு இளைஞன் படிக்கட்டிலிருந்து ஓடி வந்தான். அவன் கையில் ஒரு குழந்தை. குழந்தையின் வாயெல்லாம் ரத்தம். பின்னால் அதன் அம்மா, அதற்குப் பின்னால் குழந்தையின் அப்பா.

"சார், எங்கக்கா கொழந்த சார். பாவா தூக்கிகினு ஏறச்சொல்ல வழுக்கிடுச்சி சார். எவனோ பால் கொட்டி வெச்சிகிறான் படியில."

பொதட்டூர்பேட்டைக்காரர்கள். வீட்டிலேயே தறி வைத்திருக்கிற குடும்பம். குழந்தைக்குப் பதினோரு மாதம், முதல் மொட்டை. அப்பாவும் கூடவே முடி கொடுத்திருந்தார். அவர் பெயர் சேகர், மனைவி பெயர் மல்லிகா. குழந்தையைத் தூக்கி வந்தவன் மல்லிகாவின் தம்பி நாகு; பாவா என்று அவன் சொன்னது அக்கா புருஷன் சேகரை. தாய்மாமன். அவன் மடியில் வைத்துத்தான் மொட்டை அடித்திருக்கிறார்கள்.

குழந்தை ஊரைக் கூட்டி அழுதது. நீங்கள் வண்டியில் ஏறின புதிதில் அழுகிற குழந்தையைப் பார்த்தால் மனசு பதறும். பதறட்டும். ஆனால் அந்த அழுகையைக் காதால் கேட்டு ஒரு கணக்குப் போடுங்கள். இத்தனை சத்தமாக அழ வேண்டுமென்றால் மூச்சுக்குழாய் திறந்திருக்க வேண்டும், நுரையீரல் காற்றை இழுத்துத் தள்ள வேண்டும், ரத்தம் ஓட வேண்டும், வலி என்று மூளைக்குத் தெரிய வேண்டும். இது எல்லாம் நடக்கிறது என்று அந்தக் குழந்தையே கத்திச் சொல்லிவிட்டது. உதட்டில் ஒரு கிழிசல். உதட்டுக்கு ரத்த ஓட்டம் அதிகம், கொஞ்சம் கிழிந்தாலே சட்டை நனையும். துணியால் அழுத்திப் பிடித்ததும் நின்றுவிட்டது.

அடுத்தது உச்சிக்குழி. மொட்டைத் தலை என்பதால் பார்க்க வசதி. ஆனால் அழுகிறபோது பார்க்காதீர்கள். அழுதால் எந்தக் குழந்தைக்கும் உச்சி உப்பும். அதை வைத்து நீங்களும் பயந்து தாயையும் பயமுறுத்துவீர்கள். "பால் குடுங்கம்மா, அடங்கட்டும்" என்றேன். மல்லிகா வண்டிக்குள் திரும்பி உட்கார்ந்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு குழந்தையை அமர்த்தினாள்.

அந்தச் சின்ன இடைவெளியில்தான் நான் சேகரைத் திரும்பிப் பார்த்தேன்.

வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். வேட்டியில் பால் ஈரம். முழங்கையில் சிராய்ப்பு. "உங்களுக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். கொழந்தைக்குப் பட்டுடக் கூடாதுன்னு இப்பிடித் திரும்பி விழுந்தன். படி லேசா இடிச்சிது. கொழந்த எங்க?"

"இதோ உள்ள பால் குடிக்குது."

"ஆங், ஆங்."

நாகு சிரித்தான். "பாவாவுக்குத் தல கெட்டி சார். பாவு இழுக்கறப்போ தெனம் ரெண்டு தபா தறிக்கட்டையில இடிச்சிப்பாரு. கட்டதான் தேயும்."

சேகரும் சிரித்தார். பெயர் கேட்டேன், சொன்னார். ஊர், என்ன நாள், எதற்கு வந்தீர்கள், எல்லாம் சரியாகச் சொன்னார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் கேட்டார்: "கொழந்த எங்க?"

குழந்தை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "சப்பு சப்பு" என்று பால் குடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

பிள்ளைகளே, குழந்தையை விட்டு நான் அவர் பக்கம் முழுசாகத் திரும்பியது அப்போதுதான். மணிக்கட்டைப் பிடித்தேன். பெற்ற பிள்ளையோடு படியில் விழுந்து எழுந்து வந்தவர். நெஞ்சு தட்டுகிற தட்டில் துடிப்பு ஓட வேண்டும். அவருடையது நிதானமாக, ரொம்ப நிதானமாக, கனமாக அடித்தது. ரத்த அழுத்தம் பார்த்தால் மேலே இருந்தது. பயந்த உடம்பில் இரண்டும் சேர்ந்து ஏறும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால், தலைக்குள் ஏதோ நெருக்குகிறது, மூளைக்கு ரத்தத்தை மேலே தள்ள உடம்பு மல்லுக்கட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தலையைப் பார்த்தேன். எங்கும் ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. ஒரே சந்தனம். பயிற்சியின்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நர்சம்மா ஒருவர், "கண்ணுக்குத் தெரியாததை இல்லேன்னு எழுதாதீங்க. பாக்க முடியலன்னு எழுதுங்க" என்பார். அது நினைவுக்கு வந்தது. குனிந்து, வெயில் படுகிற பக்கம் அவரைத் திருப்பாமல் நான் சுற்றி வந்து பார்த்தேன். மற்ற இடமெல்லாம் சந்தனம் காய்ந்து மெல்லிசாகக் கோடு விட்டிருந்தது. இடது காதுக்கு மேலே மட்டும் அகலமாக வெடித்திருந்தது, ஏரி வற்றினால் மண் வெடிக்குமே அந்த மாதிரி. கீழேயிருந்து ஏதோ அதைத் தூக்கியிருந்தால்தான் அப்படி வெடிக்கும்.

அந்த இடத்தை உங்கள் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மண்டை ஓட்டிலேயே மெல்லிசான இடம் காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்குப் பின்னால். அதன் உள்பக்கத்தை ஒட்டி ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அந்த எலும்பு விரிசல் விட்டால் குழாய் கிழியும். ரத்தம் வெளியே வராது, எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவில் சேரும். சேர்கிற வரைக்கும் ஆள் நன்றாக இருப்பார். பேசுவார், சிரிப்பார், சாமி கும்பிடப் போகிறேன் என்பார்.

சேகர் அதைத்தான் சொன்னார். "உதட்டுல ரத்தம் நின்னுச்சி இல்ல சார்? அப்ப நாங்க மேல போய்ட்டு வந்துட்றம். நட சாத்திடுவாங்க."

"அசையாதீங்க. அப்பிடியே உக்காருங்க" என்று சொல்லி, பின்னால் நின்று இரண்டு கையாலும் தலையையும் கழுத்தையும் பிடித்துக்கொண்டேன். பைலட்டைக் கூப்பிட்டேன். வாயாடிக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் கழுத்துப் பட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். பட்டையைப் போட்டோம். பலகையில் படுக்கவைத்தோம். நான் பஞ்சுத் துணியை நனைத்து எடுத்தபோது மல்லிகா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"இன்னா சார் பண்றீங்க?"

"சந்தனத்தைத் துடைக்கணும்மா. கீழ அடிபட்ட இடத்தைப் பாக்கணும்."

"துடைக்கக் கூடாது சார். முடி குடுத்துட்டு சந்தனம் பூசினா சாமி பாக்கற வரைக்கும் தண்ணி படக் கூடாது. இந்தக் கொழந்தைக்காக ஏழு வருசம் காத்துகினு இருந்து வேண்டிகினது. வேண்டுதல பாதியில வுட்டுட்டு வான்றீங்களா?"

"அவருக்குத் தலையில உள்காயம் இருக்கும்னு தோணுதும்மா."

"நல்லாத்தான பேசறாரு! நாகு, சொல்லேன்டா!"

நாகு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "சார், ஒரு நட மேல போய் காட்டிட்டு வந்துட்றம். நான் தூக்கிகினு போறன் பாவாவ."

கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒரு பெரியவர், "சந்தனத்துல கை வெக்காதப்பா, குத்தமாயிடும்" என்றார். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த நேரத்தில் சண்டை போட்டால் தோற்போம். அவர்களை விலக்கிவிட்டுத் துடைத்திருந்தால் மல்லிகா புருஷனை இறக்கிக்கொண்டு போயிருப்பாள். அவருக்கு நினைவு இருக்கிறது, அவர் வாயால் வரமாட்டேன் என்றால் நான் கட்டி இழுத்துக்கொண்டு போக முடியாது. நானும் இதே மலைக்கு முடி கொடுத்தவன்தான். அவள் பயப்படுவது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே பயம் இருந்தது.

குழந்தை பாலைக் குடித்து அடங்கியிருந்தது. அதன் உச்சிக்குழி அமைதியாக, மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது. உப்பவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு வழி தெரிந்தது.

"மல்லிகாம்மா, கொழந்த உச்சியில கை வைங்க. துடிக்குதா?"

"ஆங்."

"எலும்பு இன்னும் மூடல. உள்ள வீங்கினா அந்த வழியா மேல தூக்கும், நாம கண்ணால பாத்துடலாம். உங்க கொழந்தைக்கு அப்பிடி ஒண்ணும் இல்ல. இப்ப உங்க வீட்டுக்காரர் உச்சியில கை வைங்க."

வைத்தாள்.

"துடிக்குதா?"

"இல்ல."

"கல்லு மாதிரி மூடிடுச்சி. அவருக்கு உள்ள ரத்தம் சேந்தா மேல போக வழி இல்ல. மூளையத்தான் கீழ அமுக்கும். நமக்கு வெளிய ஒண்ணும் காட்டாது. காட்டறதுக்கு இந்த வெடிப்புதான் இருக்குது, பாருங்க."

அவள் ஒரு கையைக் குழந்தையின் தலையிலும் இன்னொரு கையைப் புருஷன் தலையிலும் வைத்தபடி நின்றாள். சேகர் கண்ணை மூடிக்கொண்டு, "தல வலிக்குது மல்லி" என்றார். அதுவரை அவர் வலி என்று சொல்லவே இல்லை.

அவள் கையை எடுத்தாள். "துடைங்க" என்றாள். பிறகு, "நீங்கதான் அழிக்கிறீங்க. இவருக்கு ஏதாவது ஆச்சின்னா சாமிகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள்.

துடைத்தேன். அழுத்தாமல், நனைத்து நனைத்து எடுத்தேன். கீழே உள்ளங்கை அகலத்துக்கு மெத்தென்று வீங்கியிருந்தது.

கட்டுப்பாட்டு அறை டாக்டருக்குப் போன் போட்டு, பார்த்ததை அப்படியே சொன்னேன். பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போய்விடலாம். தலையைப் படம் எடுத்து, திறந்து பார்க்கிற வசதி இருக்கிற ஆஸ்பத்திரியோ தூரம். மனசு பக்கத்தில் இருப்பதற்குத்தான் ஓடும், யார் கையிலாவது கொடுத்துவிட்டால் போதும் என்று இருக்கும். அது உங்கள் பாரம் இறங்குவதற்கான அவசரமா, அவர் பிழைப்பதற்கான அவசரமா என்று ஒரு மூச்சு நின்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டரும் நானும் தூரத்துக்கே போவது என்று முடிவு செய்தோம். அவர் அங்கே முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

ஊர் எல்லை தாண்டும்போது சேகர் வாந்தி எடுத்தார். பலகையோடு சேர்த்துப் பக்கவாட்டில் சாய்த்து, வாயைச் சுத்தம் செய்தேன். கூப்பிட்டால் முனகினார். பிறகு அதுவும் இல்லை. டார்ச் அடித்தால் வலது கண்ணின் மணி சுருங்கியது. இடது கண்மணி பெரிசாக விரிந்து, வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் நின்றது. ரத்தம் சேர்ந்த பக்கத்திலேயே கண் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். மூச்சு விட்டு விட்டு வந்தது. நான் மூச்சுப் பையை எடுத்தேன்.

தணிகை, இதை நன்றாகக் கேள். பயந்தால் கை வேகமாகப் பையை அமுக்கும். நிறையக் காற்று கொடுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். அளவுக்கு மீறி அமுக்கினால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிப்போய், போகிற கொஞ்சம் ரத்தமும் போகாது. எவ்வளவு வேகம் என்று டாக்டரைக் கேட்டேன். போனை ஸ்பீக்கரில் வைத்து அவர் "இப்ப… இப்ப…" என்று சொல்லச் சொல்ல அமுக்கினேன். அந்த இரண்டு "இப்ப"வுக்கும் நடுவில் இருந்த நேரம் மாதிரி நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. மல்லிகா எதிரே குழந்தையை இறுக்கிக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேகமா அமுக்குங்க சார், வேகமா" என்று அழுதாள். நான் வேகமாக அமுக்கவில்லை. முன்னால் பைலட் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினான். அவன் பேசாமல் ஓட்டினது அன்றைக்கு ஒரு நாள்தான்.

வாசலிலேயே ஸ்டிரெச்சரோடு நின்றிருந்தார்கள். நான் சொல்லவேண்டியதை ஓடிக்கொண்டே சொன்னேன். கதவு மூடியது.

அவர் பிழைத்தார். ரொம்ப நாள் கழித்து நாகு வண்டியைத் தேடிக்கொண்டு வந்து சொன்னான். ரத்தத்தை எடுத்துவிட்டார்கள், பேச்சு வந்துவிட்டது, வலது கை மட்டும் இன்னும் தறியில் தடுமாறுகிறது என்றான். இடது பக்க மூளைதான் வலது கையை ஆள்கிறது, பழக்கினால் வரும் என்று டாக்டர் சொன்னாராம். "கட்ட தேயல சார், பாவா தலதான் தேஞ்சிடுச்சி" என்று சொல்லிவிட்டு, சிரிக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆனால் அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது. கதவு மூடினதோடு சரி. திரும்பி வந்து வண்டியைக் கழுவினோம். பலகையின் ஓரத்தில், என் கையுறையில், தரையில், எல்லா இடத்திலும் சந்தனம். வேலை முடிந்ததும் பைலட், "அண்ணே, டீ?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அன்றைக்குச் சாயந்திரம் நான் மொட்டையோடு வீட்டுக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கலை, நீ ஓடி வந்து என் தலையைத் தடவி, "நைனா, இன்னா திடீர்னு?" என்றாய். வேண்டுதல் என்று மட்டும் சொன்னேன். யாருடைய வேண்டுதல் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வருமுன் குளத்தங்கரையில் உட்கார்ந்து முடி கொடுத்தேன். முடித்ததும் முடி எடுத்தவர் சந்தனத்தைக் குழைத்தார். "ஒரு நிமிசம்ப்பா" என்று சொல்லிவிட்டு, என் இரண்டு கையாலும் என் தலையை ஒரு சுற்றுத் தடவினேன். உச்சி கல்லாக இருந்தது. இடது காதுக்கு மேலே விரலை வைத்தேன். தோலுக்கடியில் ஒரு துடிப்பு மெல்லிசாகத் தட்டியது. அதற்கு உள்ளே, எலும்புக்கு அந்தப் பக்கம் ஓடுவது எந்த விரலுக்கும் தெரியாது. "பூசுப்பா" என்றேன்.

படி ஏறினேன். பால் கொட்டின இடத்தை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். வரிசையில் நின்று, சன்னதிக்கு முன்னால் வந்தபோது, நான் துடைத்த அதே இடது பக்கம் சாமிக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி தலையைச் சாய்த்து நின்றேன்.